பிஞ்சு இதயமும் குருதிச் சான்றும்

நோயுற்ற பெரியவர் தம் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வார். படியேறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை, மாலையில் கால் வீங்குகிறது என்று அவர் சொல்லக் கேட்ட அளவிலேயே இதயம் தளர்ந்திருக்குமோ என்று மருத்துவர் ஐயுறுவார். மூன்று திங்கள் நிரம்பிய கைக்குழந்தை என்ன சொல்லும்? பால் குடிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடும். குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும். மூச்சு விரையும். எடை ஏறாது. இவற்றுள் சில சளிக்காய்ச்சலுக்கும் உண்டு. வேறு பல நோய்களுக்கும் உண்டு. பெரியவர்க்குக் கால் வீங்குவதுபோல் குழந்தைக்குப் பெரும்பாலும் வீங்குவதுமில்லை. கல்லீரல் பெருத்திருக்கிறதா என்று மருத்துவர் விரல் நுனியால் தடவிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே, வாய் பேசாத அக்குழந்தையின் நிலையை அதன் குருதியிடமே கேட்டறிய முடியுமா என்னும் வினா மருத்துவ உலகில் எழுந்தது இயல்பே.

இவ்வினாவின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 1981ஆம் ஆண்டில், கனடா நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் தொடங்குவர். அது தவறன்று. ஆயினும், அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே இம்மலாயா மண்ணில், நம்மவர் உண்ட சோற்றை வைத்து எழுதப்பட்ட ஓர் அத்தியாயம் உண்டு. அதனைப் படிக்காமல் பிந்திய அத்தியாயங்களைப் படிப்பவர், குருதியில் காணும் ஓர் எண்ணை நோயின் காரணமாகவே எடுத்துக்கொள்ளும் பிழைக்கு ஆளாக நேரிடும். அவ்விரண்டையும் இணைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதயத் தளர்ச்சி என்றால் இதயம் நின்றுவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்த மாட்டாமல் இதயம் தத்தளிக்கும் நிலையே தளர்ச்சி. குழந்தைகளிடத்தில் அதற்குக் காரணங்கள் பல. பிறவியிலேயே இதயச் சுவரில் துளை இருக்கலாம். நச்சுயிரிக் காய்ச்சலுக்குப் பின் இதயத்தசை அழலுறலாம். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதயத்தின் ஒருவழிக் கதவுகளைக் கெடுக்கலாம். குருதிச் சோகை முற்றலாம். இவையன்றி, உணவில் ஒரு சத்து இல்லாமற் போவதாலும் இதயம் தளரும். மலாயாவின் கதை இக்கடைசிக் காரணத்தைப் பற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பேராக்கின் லாருட், கிந்தா பகுதிகளில் ஈய லம்பங்கள் பெருகின. அங்கு உழைக்க வந்த சீனத் தொழிலாளர் பெரிபெரி என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டனர். சிலருக்குக் கால் மரத்து, நடை தள்ளாடி, தசை வற்றும். வேறு சிலருக்கோ உடல் நீர்கோத்து வீங்கும், இதயம் பெருக்கும், நேற்று மண்வெட்டி பிடித்தவர் இன்று மூச்சுத் திணறி இறப்பார். இரண்டாவது வகையே இதயத்தைத் தாக்கும் பெரிபெரி. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இந்நோயை ஆராய்ந்து, இது தொற்றுநோய் என்று கருதினார். அக்காலத்தில் கிருமிகளே எல்லா நோய்க்கும் காரணமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே நாடு, ஒரே வெயில், ஏறத்தாழ ஒரே வகையான கடும் உழைப்பு. ஆயினும் சீனருக்கு வரும் பெரிபெரி, தமிழருக்கும் கம்பத்து மலாய்க்காரருக்கும் வருவது அரிதாக இருந்தது. இம்மூவரையும் பிரித்துக் காட்டியது அரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தி உண்டனர். தவிடு முழுவதும் நீங்கவில்லை. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பட்ட பச்சரிசி. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து வந்த நம் மக்களோ, ஊரில் உண்டு பழகிய புழுங்கலரிசியைக் கடல் கடந்தும் கைவிடவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி அவர்களுக்காக இறக்குமதி செய்யப்பட்டது. பிராடன் தம் கருத்தை 1907இல் நூலாக வெளியிட்டார்.

புழுங்கலரிசி நம்மைக் காத்தது எப்படி? நெல்லை ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்திப் பின்னரே குத்துகிறோம். ஊறி வேகும்போது, தவிட்டிலும் மேலுறையிலும் உள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கி நிலைகொள்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் என்று மேடையில் பெருமை பேசுவோர் உண்டு. அதற்குச் சான்றில்லை. புழுக்கிய நெல் குத்தும்போது நொறுங்காது, அரிசி நெடுநாள் கெடாது, இக்காரணங்களே போதுமானவை. அறியாமற் செய்த நன்மையும் நன்மையே. தவிரவும், பெரிபெரி தீண்டாததால் தோட்டத் தமிழர் நலமாய் வாழ்ந்தார் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. மலேரியாவும் கொக்கிப் புழுவும் வயிற்றுக்கடுப்பும் லயங்களில் வாரிக்கொண்டுபோன உயிர்களுக்கு அளவில்லை. தோட்டத்துப் பிள்ளையின் விரலில் ஊசி குத்தி அந்நாளில் குருதி எடுத்தபோதும் தேடப்பட்டது மலேரியாக் கிருமியே.

பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்க்க முனைந்தவர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்ணினர்க்குச் சயாம் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்து வந்தார். ஓராண்டுக்குப் பின் கணக்கிட்டபோது, பச்சரிசி உண்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டு, 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய். அவ்விருவரும் உள்ளே வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள். இடத்தில் தொற்று இருக்குமோ என்னும் ஐயத்தை நீக்க, இரு சாராரின் கட்டடங்களையும் இடையில் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தைத் தொடரவில்லை, அரிசியையே தொடர்ந்தது.

அறிவியல் நோக்கில் இது நேர்த்தியான ஆய்வு. ஆனால், மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லாதவர்களைக் கொண்டு இது நடந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அந்தப் பதினெண்மர் நமக்கு எண்ணாக மட்டுமே எஞ்சியுள்ளனர். இக்காலத்தில் எந்த ஆய்வுக்குழுவும் இதற்கு ஒப்புதல் அளிக்காது, அளிக்கவும் கூடாது.

அடுத்து வந்தோர் மருத்துவ ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும். 1907இல் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில் சாலை போட வந்திருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியும் கொடுத்துப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளையரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது, மற்றதில் இல்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. இதன் முடிவுகள் 1909இல் வெளிவந்தன. அவர்கள் அதனோடு நிற்கவில்லை. எந்த அரிசி தீங்கற்றது, எது தீயது என்று கடைக்காரரும் அரசு அலுவலரும் எப்படி அறிவது? நோய் தடுக்கும் பொருள் இன்னதென்று அப்போது எவருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள் அரிசியிலுள்ள பாஸ்பரசு அளவைக் கணித்தனர். பாஸ்பரசு பெண்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்திருந்தால் அவ்வரிசியை நம்பலாகாது என்றனர்.

இங்கேதான் சற்று நின்று நோக்க வேண்டும். பாஸ்பரசு பெரிபெரிக்கு மருந்தன்று. தூய பாஸ்பரசுச் சேர்மத்தைக் கொடுத்தால் நோய் தீராது. அதனை அவர்களும் அறிந்திருந்தனர். தவிட்டில் மருந்துப் பொருள் எங்கே மிகுந்திருந்ததோ அங்கே பாஸ்பரசும் மிகுந்திருந்தது. தவிடு நீங்கியபோது இரண்டும் ஒருசேர நீங்கின. ஒன்றை அளக்க முடியாதபோது, அதனோடு கூடவே நடக்கும் இன்னொன்றை அளந்தனர். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது நம் தருக்க நூலார் காட்டும் பழைய முறை. இன்று மருத்துவர் குருதியில் தேடும் அடையாளப் பொருள்கள் யாவும் இத்தகைய புகைகளே. புகையை அணைத்துவிட்டு நெருப்பை அணைத்ததாக மகிழலாகாது. எல்லாப் புகையும் ஒரே அடுப்பிலிருந்து வருவதுமில்லை.

அந்நாளில் எங்கள் லூமுட், பங்கோர்த் தீவு முதலியன டிண்டிங்ஸ் என்னும் பெயரில் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்திருந்தன. 1935இல்தான் மீண்டும் பேராக்கோடு இணைந்தன. ஆட்சி எல்லை எதுவாயினும், அரிசி கப்பலில்தான் வந்தது. பானையில் விழுந்த அரிசி எதுவோ அதுவே குடும்பத்தின் நலத்தை முடிவு செய்தது.

இதுவரை சொன்னவை வளர்ந்தவரைப் பற்றியவை. குழந்தைகளின் கதை பிலிப்பைன்ஸ் தீவுகளில் தெளிவாயிற்று. அங்கே தாய்ப்பால் குடிக்கும், கொழுகொழுவென்றிருந்த குழந்தைகள் இரண்டு முதல் ஐந்து மாதப் பருவத்தில் திடீரென்று இறந்தன. அழுகை ஒலியற்றுப் போகும். வாய் திறந்திருக்கும், குரல் வராது. உதடு நீலம் பாரிக்கும். சில மணி நேரத்தில் இதயம் தளர்ந்து உயிர் பிரியும். தாயைப் பார்த்தால் நோயாளியாகத் தோன்றமாட்டாள். மிஞ்சினால் கால் சற்று மரத்திருக்கும். வெள்ளையரிசியையே உண்ட அவளுடைய பாலில் சத்தில்லை. பெற்றவளின் குறை பிள்ளையின் இதயத்தில் வெளிப்பட்டது. 1910இல் மணிலாவில் எட்வர்ட் வெட்டர் என்னும் மருத்துவர் தவிட்டுச் சாற்றை வேதியியலார் ராபர்ட் வில்லியம்சிடம் கொடுத்து, இதில் மறைந்துள்ள மருந்தைப் பிரித்துத் தருக என்று வேண்டினார். டிக்கிடிக்கி என்று அத்தீவினர் அழைத்த அச்சாற்றின் சில துளிகள் சாகும் நிலையிலிருந்த குழந்தைகளை மீட்டன. இந்த வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், சமயப் பணியாளர் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர். அரிசியுண்ணும் மக்களிடையே வளர்ந்த அவர், வெட்டர் இட்ட பணியை 26 ஆண்டுகள் விடாது தொடர்ந்தார். இதற்கிடையில் 1926இல் பத்தாவியாவில் ஜான்சன், டோனத் இருவரும் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் வில்லியம்ஸ் அதன் கட்டமைப்பைக் கண்டு செயற்கையாகவும் செய்து காட்டினார். அதுவே தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1.

தமிழகத்திலும் இப்பணி நடந்தது. நீலகிரிக் குன்னூரில் மக்காரிசன் தலைமையில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் 1920களில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. பின்னர் அங்கே இயக்குநராக வந்த ஐக்ராய்டும் அவர்தம் குழுவினரும் 1940இல் வெளியிட்ட அறிக்கையில், அரிசியைப் பலமுறை கழுவுவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எவ்வளவு சத்து வீணாகிறது என்பதும், புழுங்கலரிசி அவ்விழப்பை எவ்வளவு தாங்குகிறது என்பதும் விளக்கப்பட்டன. வடித்த கஞ்சியை உப்பிட்டுக் குடித்த ஏழைக் கிழவி, மேசையில் வெண்சோறு உண்ட துரையைவிட அறிவுடையவளாக இருந்தாள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனிக் குருதிக்கு வருவோம். நாம் உண்ணும் மாவுப்பொருள் உடலில் குளுக்கோசாகி, குளுக்கோசு பைருவிக் அமிலமாகிறது. அடுப்பில் விறகு பாதி எரிந்து கரியாவதைப் போன்ற நிலை அது. முழுதும் எரிந்து ஆற்றலாக வேண்டுமானால் தயமின் துணை வேண்டும். தயமின் இல்லையேல் பைருவிக் அமிலமும் அதன் உடன்பிறப்பாகிய இலாக்டிக் அமிலமும் தேங்குகின்றன. இதனை ஆக்ஸ்போர்டில் ருடால்ப் பீட்டர்ஸ் புறாக்களைக் கொண்டு 1930களில் நிறுவினார். கண்ணுக்கும் உருப்பெருக்கிக்கும் தெரியாத சிதைவு வேதியியலில் நிகழ முடியும் என்பது அவர் கண்ட உண்மை. கையும் காலும் ஓய்வெடுக்கும், இதயத்துக்கு ஓய்வில்லை. ஆகவே எரிபொருள் தடைப்பட்டால் முதலில் துன்புறுவனவற்றுள் அதுவும் ஒன்று. 1936இல் சீனத்துச் சாங்காய் நகரில் பிளாட், லூ என்னும் இரு ஆய்வாளர், இதயம் தாக்கப்பட்ட பெரிபெரி நோயாளிகளின் குருதியில் பைருவிக் அமிலம் மிகுந்திருப்பதை அளந்து காட்டினர். இதயத் தளர்ச்சி ஒன்றின் காரணத்தைக் குருதியில் எண்ணாகப் படிக்கும் முயற்சி அவ்வாறு தொடங்கிற்று எனலாம்.

அந்த எண்ணும் எளிதில் ஏமாற்றக்கூடியது. ஓடியாடிய பின்னும் பைருவேட்டு உயரும்; வேறு நோய்களிலும் உயரும். ஊசியைக் கண்டு உதறி அழும் குழந்தையின் குருதியில் இலாக்டேட்டு ஏறிவிடும். எடுத்த குருதியை உடனே பக்குவப்படுத்தாவிட்டால் அளவு மாறிவிடும். நல்ல ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் இச்சோதனை பயன்படுவது கடினம்.

பயன்பட வேண்டிய காலமோ உடனே வந்தது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பான் ஆட்சிக்காலத்தில், பர்மாவிலிருந்து அரிசி வருவது முறிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தமிழரைக் காத்த புழுங்கலரிசி பானையிலிருந்து மறைந்தது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளியும் பங்கீட்டு அரிசியுமே உணவாயின. சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பெரிபெரியாலும் மாண்டனர். அவர்களுடைய முகாம்களில் மருத்துவ வசதி மிக அருகியே இருந்தது. குருதியைச் சோதிக்கும் கூடம் அங்கு ஏது? தமிழர்க்குப் பெரிபெரி வராது என்று 1907இல் எழுதப்பட்டது இனத்தைப் பற்றிய உண்மையன்று, அரிசியைப் பற்றிய உண்மை என்பதை அந்த மூன்றரை ஆண்டுகள் கொடுமையாக மெய்ப்பித்தன.

போருக்குப் பின், 1960களில், இன்னும் நுட்பமான சோதனை பயன்பாட்டுக்கு வந்தது. சிவப்பணுக்களில் டிரான்ஸ்கீட்டோலேசு என்னும் நொதி உண்டு. அதுவும் தயமின் இன்றி இயங்காது. குழந்தையின் குருதியை இரு குழாய்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் தயமின் பொருளைச் சேர்ப்பர். சேர்த்த குழாயில் நொதியின் வேலை வெகுவாக விரைந்தால், அக்குருதி பசித்திருந்தது என்று பொருள். பசித்தவனுக்கு இலை போட்டுப் பார்த்து அவன் பசியை அறிவது போன்றது இது. 2003இல் இஸ்ரேல் நாட்டில், சோயாவால் ஆன குழந்தைப் பால்மாவு ஒன்றில் தயமின் விடுபட்டுப்போனதால் பல குழந்தைகள் நோயுற்று, சில இறந்தபோது, இச்சோதனையே நோயை உறுதிப்படுத்த உதவியது. செல்வமும் மருத்துவமும் நிறைந்த நாட்டில், பெரிபெரி என்று ஒருவரும் எதிர்பாராத இடத்தில் அது நிகழ்ந்தது.

இப்போது 1981க்கு வரலாம். அதற்கும் முன், 1956இல், புருனோ கிஷ் என்பவர் இதயத்தின் மேலறைத் தசையை எலக்ட்ரான் உருப்பெருக்கியில் பார்த்தபோது, சுரப்பிகளில் காணப்படுவன போன்ற நுண்மணிகள் அங்கிருக்கக் கண்டார். குருதியைச் செலுத்தும் உறுப்புக்குச் சுரப்பியின் மணிகள் எதற்கு? கால் நூற்றாண்டு கழித்து, கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பணியாற்றிய அடால்போ டி போல்ட் விடை தந்தார். எலியின் மேலறைத் தசைச் சாற்றை மற்றோர் எலிக்கு ஊசிவழி ஏற்றியதும், அது சிறுநீரை உப்போடு ஏராளமாகக் கழித்தது. இதயம் வெறும் இறைவை அன்று. அது சிறுநீரகத்துக்கு ஓலை அனுப்புகிறது. சுமை மிகுந்து சுவர் விரியும்போது, நீரையும் உப்பையும் வெளியேற்றி என் பாரத்தைக் குறை என்பதே அவ்வோலையின் செய்தி.

1984இல் ஜப்பானிய ஆய்வாளர் கங்காவாவும் மத்சுவோவும் மனித இதயத்தின் அச்சுரப்பைப் படித்தறிந்தனர். 1988இல் சுடோவும் அவர்களும் பன்றியின் மூளையிலிருந்து அதற்கு இனமான இன்னொன்றைக் கண்டெடுத்தனர். மூளையில் கண்டதால் அதன் பெயரில் மூளை சேர்ந்துவிட்டது. உண்மையில் அது பெருமளவில் சுரப்பது இதயத்தின் கீழறைகளில் என்று விரைவிலேயே தெரிந்தது. ஆயினும் ஒட்டிய பெயர் ஒட்டியதே. ஆங்கில முதலெழுத்துகளால் அதனைப் பிஎன்பி என்பர். 108 அமினோ அமிலங்கள் கொண்ட மூலச்சரம் குருதியில் இரண்டாகப் பிளக்கிறது: வேலை செய்யும் 32, வேலையற்ற 76. வேலையற்ற அந்தத் துண்டு குருதியில் கூடுதல் நேரம் தங்குவதால், அளப்பவர்க்கு அதுவே வாய்ப்பானது. அதனை என்டி-புரோபிஎன்பி என்பர்.

2002இல், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,586 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு, இச்சோதனை நுரையீரல் நோயையும் இதயத் தளர்ச்சியையும் பிரித்தறிய உதவும் என்று காட்டியது. குழந்தைகளிடமும் அவ்வாறே உதவும் என்னும் ஆய்வு 2004இல் வந்தது. கைக்குழந்தை விரைந்து மூச்சு விடுகிறது. நெஞ்சில் சளியா, இதயத்தில் துளையா? எக்கோ படம் எடுத்து அதனைப் படிக்கத் தெரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதில்லை. லூமுட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தேசிய இதயக் கழகம் 1992இல் தொடங்கியது கோலாலம்பூரில். படுக்கையருகிலேயே கால் மணி நேரத்தில் முடிவு சொல்லும் கருவியும் இன்று உண்டு. எந்தக் குழந்தையை இன்றிரவே அனுப்ப வேண்டும், எதனை நாளைவரை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்ய வேண்டிய சிற்றூர் மருத்துவர்க்கு இது பெருந்துணை.

ஆனால், பெரியவர்க்குரிய அளவுகோலைக் குழந்தைக்கு வைப்பவர் இடறி விழுவார். ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு பிக்கோகிராம். வெளிநோயாளியாக வரும் பெரியவரிடம் ஒரு மில்லிலிட்டரில் இந்த என்டி-புரோபிஎன்பி 125 பிக்கோகிராமைத் தாண்டினாலே மருத்துவர் மேலும் ஆராய்வார். பிறந்து இரண்டு நாளுக்குள்ளான நலமான குழந்தைக்கோ 3,000 என்பது இயல்பான நடு அளவு. சில குழந்தைகளுக்கு 10,000ஐயும் தாண்டும். கருப்பையை விட்டு வெளிவந்து முதல் மூச்சு விட்ட இதயம், புதிய சுற்றோட்டத்துக்குப் பழகும் பாடு அது. பிறகு எண் மளமளவென்று இறங்குகிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் 140 அளவு. பள்ளி செல்லும் பருவத்தில் 50 அளவு. பிறந்த நாள் முதல் 18 வயது வரையுள்ள ஏறத்தாழ 700 பிள்ளைகளின் அளவுகளை நான்கு ஆய்வுகளிலிருந்து திரட்டி, ஜெருசலேம் மருத்துவர் அமிராம் நிரும் பிறரும் 2009இல் இவ்வட்டவணையை வெளியிட்டனர். ஆக, 600 என்னும் ஒரே எண், மூன்று நாள் குழந்தையிடம் தாழ்ந்தது. ஆறு மாதக் குழந்தையிடம் எல்லையில் நிற்பது. பத்து வயதுச் சிறுமியிடம் ஆபத்தின் மணி.

பள்ளிப் பருவத்தைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்து தேறிய மாணவன், முன்பு ஓடிய திடலில் இப்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறான், வயிற்று வலி, வாந்தி என்கிறான், முகம் வெளுத்திருக்கிறது. அவனைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவது எளிது. இதயத்தசை அழற்சி சில பிள்ளைகளிடம் இவ்வாறே தொடங்குகிறது. நெஞ்சு வலி என்று சொல்லாமல் வயிறு வலிக்கிறது என்றே பிள்ளை சொல்லும். அத்தகைய நேரத்தில் என்டி-புரோபிஎன்பி சுமையைக் காட்டும். டிரோபோனின் என்னும் மற்றோர் அடையாளப் பொருள் தசைக்கு நேர்ந்த காயத்தைக் காட்டும். ஆனால் அவனை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே!

குருதிச் சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது? இதயம் துன்புறுகிறது என்று சொல்லும். ஏன் துன்புறுகிறது என்று சொல்லாது. சுவரில் துளையுள்ள குழந்தைக்கும், அழற்சி கண்ட குழந்தைக்கும், தயமின் அற்ற குழந்தைக்கும் அதே எண் உயரும். சிறுநீரகம் பழுதுற்றாலும் உயரும். முதற்குழந்தைக்கு அறுவை வேண்டும். இரண்டாவதற்குத் தீவிரக் கண்காணிப்பு வேண்டும். மூன்றாவதற்கோ மலிவான ஓர் ஊசி மருந்து போதும். அதனைக் கொடுக்காவிட்டால் மற்ற மருத்துவம் எல்லாம் பயனற்றுப் போகும். பாஸ்பரசை அளந்தவர்கள் அது அடையாளமே, மருந்தன்று என்று தெளிந்திருந்ததை இங்கே நினைவுகூர்தல் வேண்டும்.

பெரிபெரி பழங்கதையாகிவிடவில்லை. லாவோஸ் நாட்டிலும், தாய்லாந்து எல்லையில் தங்கியிருந்த கரேன் அகதிகளிடையேயும், காசுமீரத்திலும் அண்மைக் காலங்களில் குழந்தைகள் இந்நோயால் இதயம் தளர்ந்து மருத்துவமனைக்கு வந்தது பதிவாகியுள்ளது. பிள்ளை பெற்றவள் இதை உண்ணலாகாது, அதை உண்ணலாகாது என்னும் கட்டுப்பாடுகளால் பல நாள் வெறும் வெள்ளைச் சோற்றையே உண்பது அவ்விடங்களில் சில குடும்பங்களின் வழக்கம். நம் வீடுகளிலும் பத்தியம் உண்டு. பூண்டும் மீனும் சேர்ந்த பத்தியம் தாயைக் காக்கும். பிள்ளைக்கு மாந்தம் வரும், சளி பிடிக்கும் என்று அஞ்சி ஒவ்வொன்றாக விலக்கி, சோறும் இரசமுமாகக் குறுகிவிட்ட பத்தியம் காக்காது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும் இக்காலத்தில், பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் புழுங்கலரிசி அன்றாட உணவாக இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

காசுமீரத்தில் இத்தகைய குழந்தைகளைக் கண்ட மருத்துவர்கள், குருதியில் இலாக்டேட்டு மிகுந்திருப்பதைப் பார்த்தனர். பின்னர்த் தாயிடம் என்ன உண்கிறாய் என்று கேட்டனர். விடை வெள்ளைச் சோறு என்று வந்தது. சோதனை முடிவுக்குக் காத்திராமல் தயமின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் மூச்சு தணிந்தது; அடுத்தடுத்து எடுத்த குருதியில் அமிலம் இறங்கியது; குழந்தை மறுபடியும் தாயின் மார்பைத் தேடியது.